எதிர்க் கட்டிடத்துச் சான்று

மனிதனின் மதிப்பு என்ன என்று ஞானிகள் யோசித்தார்கள், முடிவுக்கு வரவில்லை. அரசர்கள் யோசித்தார்கள், அதற்குள் போர் வந்துவிட்டது. கடைசியில் அந்த விடையைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு படிவமும் அச்சடித்து, மூன்று பிரதிகளில் நிரப்பித் தரச் சொன்ன பெருமை எங்கள் நிறுவனத்தையே சேரும். அந்தப் படிவத்தை வரைந்தவன் அடியேன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்கு வேறு படிவம் இருக்கிறது.

எங்களுடையது ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி ஆகியவற்றைப் பழுது பார்க்கும் நிறுவனம். வாடிக்கையாளர்கள் போன் செய்வார்கள். நாங்கள் மெக்கானிக்கை அனுப்புவோம். நாற்பது மெக்கானிக்குகள் வெயிலில் அலைகிறார்கள். அவர்கள் அலைவதை நிர்வகிக்க முப்பது பேர் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறோம். நான் மனிதவள மேலாளர். மெக்கானிக்குகள் என் முதுகுக்குப் பின்னால் என்னைப் ‘படிவம்’ என்று கூப்பிடுவதாகக் கேள்வி. மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முன்பெல்லாம் எங்களிடம் காட்டுமிராண்டித்தனமான ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் அறைக்குள் வருவார். “சார், நான் நல்லா வேலை செய்றேன். கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுங்க” என்பார். உடனே அவர் நல்லா வேலை செய்கிறாரா என்று நாங்கள் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு எங்களுக்கு ஏது நேரம்? கூட்டங்கள் இருக்கின்றன அல்லவா?

அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. உள்ளூர் மாடு விலை போகாது என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். சொன்னவர்கள் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். மாட்டை வெளியூர்ச் சந்தைக்கு ஓட்டிப் போய், விலையை மட்டும் கேட்டுக்கொண்டு, திரும்ப ஓட்டிவந்து அதே கொட்டிலில் கட்டலாமே என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. அன்றே ‘வெளிமதிப்புத் திட்டம்’ எழுதப்பட்டது. அதன் விதி எண் ஏழு: “ஊதிய உயர்வோ பதவி மாற்றமோ கோரும் எந்தப் பணியாளரும், வேறொரு நிறுவனம் தம்மை வேலைக்கு அழைத்து எழுதிய கடிதத்தை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும்.” அதாவது, உனக்கு என்ன மதிப்பு என்று எங்களிடம் கேட்காதே, வேறு யாரையாவது கேட்டுக்கொண்டு வா.

வெளியூர்ச் சந்தையும் அதிக தூரமில்லை. எங்கள் கட்டிடத்துக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், அதே தொழில் செய்யும் இன்னொரு நிறுவனம் இருந்தது. அங்கே இருந்த மனிதவள மேலாளர் என் சிநேகிதர். எங்கள் விதிகளைப் பார்த்து மயங்கி, எழுத்துப் பிழைகள் உட்பட அப்படியே தன் நிறுவனத்திலும் கொண்டுவந்துவிட்டார். ஆகவே வியாழக்கிழமைதோறும் எங்கள் ஆட்கள் நேர்முகத் தேர்வுக்கு அங்கே போவார்கள். அவர்கள் ஆட்கள் இங்கே வருவார்கள். நடுச்சாலையில் சந்திக்கும்போது அறிவுப் பரிமாற்றமும் நடக்கும்.

“உங்க ஆள் இன்னிக்கு என்ன கேக்கறாரு?”

“உன் பலவீனம் என்னன்னு கேக்கறாரு. அளவுக்கு மீறி உழைக்கறதுன்னு சொல்லிடுங்க, சந்தோஷப்படுவாரு.”

எங்கள் நடமாட்டத்தைப் பார்த்து நகராட்சியே அந்த இடத்தில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்டுக் கொடுத்தது. எங்கள் கழிவறைக் கதவுக்குப் பின்னால் ஒரு ஜோடி கறுப்பு ஷூவும் நிரந்தரமாக இருந்தது. ஒன்பதாம் நம்பர். யார் வாங்கி வைத்தது என்று யாருக்கும் தெரியாது. நேர்முகத் தேர்வுக்குப் போகிற எல்லோரும் அதைத்தான் போட்டுக்கொண்டு போவார்கள். எட்டாம் நம்பர் கால்கள் செய்தித்தாளைத் திணித்துக்கொள்ளும். பத்தாம் நம்பர் கால்கள் பல்லைக் கடித்துக்கொள்ளும். அலுவலகத்தில் யாராவது நொண்டிக்கொண்டு நடந்தால், அவருக்குச் சம்பளம் உயரப்போகிறது என்று அர்த்தம்.

எங்கள் சாதனைக்குப் புள்ளிவிவரம் வேண்டுமா? ஆறு வருடத்தில் எதிர்க் கட்டிடத்தாரில் நூற்று நாற்பத்து மூன்று பேரை நான் தேர்ந்தெடுத்து, “உடனே வந்து சேரவும்” என்று கடிதம் கொடுத்திருக்கிறேன். ஒருவர்கூட வந்து சேரவில்லை. இத்தனை ஒழுங்காக நடந்த ஆள்தேர்வை வேறு எங்கே பார்க்க முடியும்?

இப்படித் தேர் ஓடிக்கொண்டிருந்த தெருவில்தான் அட்டவணை அக்கா குறுக்கே வந்தார்.

எங்கள் தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே, ஒரு சிறிய மேஜை உண்டு. அதில் இரண்டு போன்கள், ஒரு நீள நோட்டு, ஒரு அக்கா. தினமும் காலையில் எந்த மெக்கானிக் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று அட்டவணை போடுவது அவர் வேலை. நாற்பது மெக்கானிக்குகளும் அவரை அக்கா என்றார்கள். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அப்படியே. எட்டு மணிக்கு வாசலில் சந்தைக் கூச்சலாக இருக்கும். எட்டு நாற்பதுக்கு ஒரு ஈ காக்கை இருக்காது. இடையில் என்ன நடந்தது என்று மாடியில் இருந்த எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை. அதுதான் நல்ல நிர்வாகத்தின் அடையாளம்.

அந்த அக்கா ஒரு நாள் என் அறைக்கு வந்தார். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

“சார், ஒரு சின்ன விஷயம். என் வேலைக் கடிதத்துல ‘தற்காலிக உதவியாளர்’னு இருக்கு. அந்த ‘தற்காலிக’ங்கறதை மட்டும் எடுத்துக் குடுக்கணும்.”

கோப்பைப் பார்த்தேன். உண்மைதான். பதினோரு வருடத்துக்கு முன்னால், பேறுகால விடுப்பில் போன ஒரு பெண்ணுக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு வந்தவர். போன பெண் திரும்பவில்லை. அந்தக் குழந்தை இப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கும். இவர் இன்னும் தற்காலிகம்.

“திடீர்னு எதுக்கும்மா?”

“நாங்க குடியிருக்கற வீட்டை வீட்டுக்காரர் விக்கறார் சார். பதினாலு வருஷமா இருக்கீங்க, முதல்ல உங்களுக்குத்தான்னு சொல்லிட்டார். பேங்க்குல லோன் கேட்டோம். வீட்டுக்காரர் கடை நின்னு போனதுல இருந்து என் சம்பளம்தான்.” இரண்டாவதாகச் சொன்ன வீட்டுக்காரர் அவருடைய கணவர் என்று புரிந்துகொண்டேன். “தற்காலிக ஆளுக்கு லோன் தரமாட்டோம்னுட்டாங்க. நிரந்தரம்னு ஒரு லெட்டர் இருந்தா போதுமாம். மாசக் கடைசி வரைக்கும்தான் டைம். அதுக்கப்புறம் வேற ஆளுக்குக் குடுத்துடுவார்.”

“சம்பளம் கூட்டிக் கேக்கலையா?”

“இப்ப அந்த ஒரு வார்த்தை போனா போதும் சார்.”

எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. நெகிழ்ந்தபடியே விதி எண் ஏழை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். “பதவி மாற்றம்னு வருதேம்மா. எதிர்க் கட்டிடத்துல ஒரு கடிதம் வாங்கிட்டு வந்துடுங்க. எல்லாரும் வாங்கறதுதான்.”

“நான் அங்க வேலைக்குப் போகப் போறதில்லையே சார்?”

“யாருமே போகப் போறதில்லம்மா.”

“அப்புறம் எதுக்கு அவங்க நேரத்தை வீணாக்கணும்?”

“அவங்க அதுக்குன்னே நேரம் ஒதுக்கி வெச்சிருக்காங்க.”

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். “பதினோரு வருஷமா தினமும் நாப்பது பேரை நான்தான் அனுப்பறேன். நீங்க அந்தப் படி வழியாத்தான் ஏறி இறங்கறீங்க. என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?”

“எனக்குத் தெரியும்மா. நிறுவனத்துக்குத் தெரியணுமே!”

“நிறுவனம்னா யார் சார்?”

நான் சற்று யோசித்துப் பார்த்தேன். இந்த விஷயத்தில் நான்தான். ஆனால் அதையெல்லாம் கீழ்த்தளத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

அவர் போனதும், மனிதாபிமான அடிப்படையில், எதிர்க் கட்டிடத்துச் சிநேகிதரைப் போனில் பிடித்தேன். “வியாழக்கிழமை ஒரு அம்மா வருவாங்க. சும்மா ஒரு கடிதம் போட்டுக் குடுங்க. அவங்களுக்குப் பேசத் தெரியாது, ரொம்பக் கேள்வி கேட்டு மிரட்டிடாதீங்க” என்றேன். அவரும் சரி என்றார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை அக்கா கடிதத்தோடு வந்து நின்றார். கால் நொண்டவில்லை. தன் சொந்தச் செருப்பிலேயே போய்வந்திருந்தார்.

“என் சிநேகிதர் நல்லாப் பேசினாரா?”

“அவர் இல்ல சார். அவருக்கே ஏதோ கடிதம் வேணுமாம், மூணாவது தெரு கம்பெனிக்குப் போயிருந்தார். முதலாளியம்மாதான் உட்கார்ந்திருந்தாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் திட்டத்தில் முதலாளிகளுக்கு இடமே கிடையாது.

“என்ன கேட்டாங்க?”

“காலையில வந்ததும் முதல்ல என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. முதல்ல யாருக்குக் கண்ணு சிவந்திருக்குன்னு பார்ப்பேன்னு சொன்னேன். ராத்திரி தூங்காதவங்களை நான் ஏணி வேலைக்கு அனுப்பமாட்டேன் சார். அப்புறம், கோவக்காரங்க வீட்டுக்கு வாயாடி மெக்கானிக்கைப் போடுவேன். அவங்க திட்டி முடிக்கறதுக்குள்ள இவர் சிரிக்க வெச்சுடுவார். கைக்குழந்தை இருக்கற வீட்டுக்கு, வாயே திறக்காத நம்ம ஊமைக்கோட்டான். லிஃப்ட் இல்லாத ஆறாவது மாடிக்கு, கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்துட்டிருக்கானே அந்தத் தம்பி. அவன்தான் உடம்பைக் குறைக்கணும்னு சொல்லிட்டிருந்தான்.”

“பலவீனம் என்னன்னு கேட்டாங்களா?”

“கேட்டாங்க. காலையில சாப்பிட மறந்துடுவேன்னு சொன்னேன். உடனே ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக் குடுத்தாங்க.” அக்கா சிரித்தார். “பேசிட்டிருக்கும்போதே அங்க போன் மேல போன். ஆள் வரல, ஆள் வரலன்னு ஒரே சத்தம். மேஜையில இருபது சீட்டு அப்படியே கிடந்துது. பாவமா இருந்துது சார். குடுங்கன்னு வாங்கிப் பிரிச்சு வெச்சேன். பிஸ்கட் தீர்றதுக்குள்ள முடிஞ்சுது. அந்தம்மா என்னையே பார்த்துட்டு, அவங்களே உட்கார்ந்து டைப் அடிச்சுக் குடுத்தாங்க.”

கடிதத்தைப் பார்த்தேன். ‘அட்டவணைத் தலைவர். நிரந்தரம். பதினாறாம் தேதி வந்து சேரவும்.’ சம்பளம் என்னுடையதைவிடக் கொஞ்சம் கூட இருந்தது. அச்சுப் பிழையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ‘மதிப்பறி குழு’ கூடியது. பொது மேலாளர், கணக்குத் தலைவர், நான். மற்றவர்கள் விண்ணப்பம் என்றால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கடிதத்தைப் பார்ப்போம், கையெழுத்துப் போடுவோம். ஆனால் இது நுட்பமான பிரச்சினை.

பொது மேலாளர் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “இந்தம்மா போயிடுவாங்களா?”

“பதினோரு வருஷமா போகாதவங்க இப்ப எதுக்குப் போகப் போறாங்க?” என்றார் கணக்குத் தலைவர்.

“அப்ப போகமாட்டாங்க.”

“நிச்சயமா போகமாட்டாங்க. தங்கமான மனுஷி.”

“போகாத ஆளுக்கு எதுக்கு மாத்திக் குடுக்கணும்?”

நான் மெதுவாகக் குறுக்கிட்டேன். “ஒரு வார்த்தையை எடுக்கறதுதான் சார். செலவே கிடையாது.”

“இன்னிக்கு வார்த்தையை எடுப்பாங்க, நாளைக்கு வாக்கியத்தை எடுப்பாங்க” என்றார் கணக்குத் தலைவர். அவர் சொன்னதில் ஆழமான அர்த்தம் இருந்திருக்க வேண்டும். நான் அதைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

நான் எதிர்த்து இன்னொரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீ வந்துவிட்டது.

முடிவு ஏகமனதானது. வெளியேறும் எண்ணம் இல்லாதவர் கொண்டுவந்த கடிதம் என்பதால், அதை வெளிமதிப்பாகக் கொள்ள இயலாது. அதே சமயம் அவருடைய பற்றுதலைப் பாராட்டாமல் விட நாங்கள் என்ன நன்றி கெட்டவர்களா? கெட்டி அட்டையில், பொன்னிற ஓரத்தோடு, சான்றிதழ் தயாரானது. வாசகம் என்னுடையது: “தற்காலிக உதவியாளரின் நிரந்தர விசுவாசத்தைப் பாராட்டி.”

அதை நானே கீழே இறங்கிப் போய்க் கொடுத்தேன். அக்கா இரண்டு தடவை படித்தார்.

“அந்த வார்த்தை அப்படியே இருக்கே சார்.”

“அதுக்குப் பக்கத்துலயே ‘நிரந்தர’ன்னு போட்டிருக்கோம், பாருங்க.”

“இதைக் காட்டினா பேங்க்குல லோன் குடுப்பாங்களா?”

“பேங்க்குக்கு விசுவாசத்தோட அருமை எங்கம்மா தெரியும்!”

அக்கா சான்றிதழைப் பத்திரமாக மேஜைமேல் வைத்தார். நீள நோட்டை மூடினார். “சரி சார். அப்ப நான் கிளம்பறேன்.”

“சாப்பிடவா?”

“எதிர்ல. நாளைக்குப் பதினாறு இல்லையா?”

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. “அது கடிதம்மா! கடிதத்துல அப்படித்தான் போடுவாங்க!”

“வந்து சேரவும்னு போட்டா, வந்து சேரத்தானே சொல்றாங்க?”

“நூத்து நாப்பத்து மூணு பேருக்கு நான் அப்படிப் போட்டுக் குடுத்திருக்கேன். ஒருத்தராவது வந்தாங்களா?”

“அவங்க யாருக்கும் உண்மையா வேலை தேவைப்பட்டிருக்காது சார். எனக்கு வீடு வேணும்.”

“அங்க போகப் போறதில்லன்னு அன்னிக்கு என்கிட்ட சொன்னீங்களேம்மா!”

“அன்னிக்குப் போற எண்ணம் இல்ல. நீங்கதான் போகச் சொன்னீங்க.”

நான் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். முன்னறிவிப்பு! எந்தப் பணியாளரும் இரண்டு மாத முன்னறிவிப்பின்றி விலக முடியாது. மடக்கிவிட்டேன் என்று விரலை வைத்தேன். விரலுக்குக் கீழேயே அடுத்த வரி இருந்தது: “தற்காலிகப் பணியாளர்களை முன்னறிவிப்பின்றி நீக்கலாம், அவர்களும் முன்னறிவிப்பின்றி நீங்கலாம்.” முதல் பாதியை நிறுவனத்தின் நன்மைக்காக எழுதினேன். இரண்டாம் பாதியை எழுதியது வாக்கியம் அழகாக முடியட்டுமே என்றுதான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் இலக்கண சுத்தமாக வைத்துக்கொண்டிருந்தேன்.

“மூணு நாள் இருந்து யாருக்காவது சொல்லிக் குடுத்துட்டுப் போகட்டுமா சார்? அவங்ககிட்ட சொன்னா ஒத்துக்குவாங்க.”

“தற்காலிகப் பணியாளருக்குப் பொறுப்பு ஒப்படைப்புப் படிவம் கிடையாதும்மா” என்றேன். இதைச் சொன்னபோது என் குரலில் கண்டிப்பு இருந்தது. இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அக்காவின் இடத்தை நாங்கள் காலியாக விடவில்லை. மூவர் குழு அமைத்தோம். ஒருவர் புகாரைக் குறிப்பார், ஒருவர் சரிபார்ப்பார், ஒருவர் ஒப்புதல் தருவார். ஒப்புதல் கிடைப்பதற்குள் வாடிக்கையாளர் புது ஃப்ரிட்ஜே வாங்கிவிடுவார். அக்காவின் நீள நோட்டு இருக்கிறதே என்று திறந்து பார்த்தோம். “பச்சைக் கேட் வீடு: நாய் ஒன்றும் செய்யாது, மாமனாரிடம் ஜாக்கிரதை” என்று இருந்தது. எந்தப் பச்சைக் கேட், யாருடைய மாமனார் என்று இல்லை. முதல் வாரத்தில் ஒரே வீட்டுக்கு நான்கு பேர் போனார்கள். நான்கு தெருக்களுக்கு ஒருவரும் போகவில்லை. முழங்கால் வலிக்கார மெக்கானிக் ஒருவர் ஆறாவது மாடிக்கு ஏறிப்போய், இறங்க மறுத்து, அந்த வீட்டிலேயே மதியம் படுத்துவிட்டார். ஊமைக்கோட்டானைக் கோவக்காரர் வீட்டுக்கு அனுப்பியதில், பதிலே வராத கோபத்தில் அவர் எங்கள் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்.

அந்தச் சமயம் பார்த்து என் வீட்டு ஃப்ரிட்ஜும் நின்றது.

“என்னங்க, பால் திரிஞ்சுபோச்சு. உங்க ஆபீஸ்ல சொல்லி ஆளை அனுப்புங்க” என்றாள் மனைவி. சொன்னேன். மறுநாள் ஒருவர் ஏணியோடு வந்து, ஏசி எங்கே என்று கேட்டார். அதற்கு மறுநாள் யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் நான் வீடு திரும்பியபோது ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது.

“பாத்தியா? எங்க ஆபீஸ்னா சும்மாவா?”

“உங்க ஆபீஸும் நீங்களும்! நான் எதிர் ஆபீஸுக்குப் போன் பண்ணினேன். ஒரு அம்மா எடுத்தாங்க. முகவரியைச் சொல்ல ஆரம்பிச்சதுமே, மூணாவது மாடிதானே, காலிங் பெல் வேலை செய்யாது, கதவைத் தட்டச் சொல்லி அனுப்பறேன்னாங்க. ஒரு மணி நேரத்துல ஆள் வந்துட்டார்.” அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “எட்டு வருஷமா பெல்லை மாத்துங்க, பெல்லை மாத்துங்கன்னு உங்ககிட்ட அடிச்சுக்கறேன். நீங்க காதுல வாங்கல. அந்தம்மா மனசுல வெச்சிருக்காங்க. உப்போட அருமை உப்பு இல்லாதப்பதான் தெரியும். உங்களுக்கு அப்பவும் தெரியலையே!”

அடுத்த மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். எங்கள் முதலாளி மாதம் ஒருமுறைதான் வருவார். அன்று மாதத்தின் நடுவில் வந்திருந்தார்.

“அந்தம்மா போறதுக்கு முன்னாடி என்ன கேட்டாங்க?”

“ஒரு வார்த்தையை எடுக்கச் சொன்னாங்க சார்.”

“எடுத்திருக்கலாமே?”

“விதி எண் ஏழு இடம் கொடுக்கல.”

“அதை எழுதினது யார்?”

“அடியேன்தான் சார்.” இந்த முறையும் பெருமைக்காகச் சொல்லவில்லை.

“சரி, நீங்க இங்க என்ன வேலை பண்றீங்க?” என்று கேட்டார் முதலாளி. கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் மாதிரி கேட்டார். “எனக்கும் பார்க்க நேரமில்ல. உங்க விதிப்படியே நடந்துக்குவோம். வெளியில ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் நாற்காலி உங்களுக்கு.”

இருபத்திரண்டு வருட நாற்காலி. பையனுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. எதிர்க் கட்டிடத்துச் சிநேகிதருக்குப் போன் செய்தேன்; அவர் வீட்டில் எடுத்தார். “முதலாளியம்மா அலமாரியைத் திறந்து, கடிதம் வாங்கினவங்க எல்லாம் எங்கன்னு கேட்டுட்டாங்க. அன்னியிலேர்ந்து நான் வீட்டுலதான்” என்றார். அவர் குரலைக் கேட்கச் சகிக்கவில்லை.

வேறு வழியில்லை. வியாழக்கிழமை கழிவறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். என் கால் ஏழாம் நம்பர். முழுச் செய்தித்தாளும் தேவைப்பட்டது. கறுப்பு வெள்ளைக் கோட்டைத் தொப்புத் தொப்பென்று கடந்தேன். ஆறு வருடமாக அந்தக் கோட்டை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். அது இவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது.

அங்கே மேஜைக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து நின்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“வாங்க சார். அந்த ஷூவா? கழட்டிட்டு உட்காருங்க, பரவாயில்ல. ஃப்ரிட்ஜ் நல்லா ஓடுதா?”

“ஓடுதும்மா. வீடு?”

“எங்க பேருக்கே வந்துடுச்சு சார். போன வாரம் பதிவு.” அவர் முகம் மலர்ந்தது. பிறகு ஒரு தாளை எடுத்துக்கொண்டார். “கடிதம் வேணுமா, வேலை வேணுமா?”

“ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?”

“இப்ப இங்க வேலைக்கு வர்றவங்களுக்கு மட்டும்தான் கடிதம் சார்.”

“அப்ப வேலைதான்” என்றேன். சொல்லும்போது உண்மையாகவே சொல்கிறேன் என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

“காலையில வந்ததும் முதல்ல என்ன பண்ணுவீங்க?”

“வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போடுவேன்.”

“அப்புறம்?”

“யார் யார் போடலைன்னு பார்ப்பேன்.”

“அப்புறம்?”

“ஏன் போடலைன்னு கேட்டு அவங்களுக்குக் கடிதம் எழுதுவேன்.”

“அப்புறம் சார்?”

“மதியம் ஆயிடும்மா.”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன் அடித்தது, எடுத்து, “அந்த வீட்டுக்கு அவர் வேண்டாம், பின்தெரு ஆளை அனுப்புங்க” என்று சொல்லி வைத்தார். பிறகு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். அதில் கட்டம் இல்லை, கோடு இல்லை, பிரதி எண் இல்லை.

“இத்தனை வருஷத்துல நீங்க செஞ்சதுல, அடுத்தவங்களுக்கு உபயோகமா இருந்தது ஒண்ணே ஒண்ணு எழுதிக் குடுங்க சார். அது போதும்.”

எழுத்து எனக்குக் கைவந்த கலை. பேனாவைத் திறந்தேன். அரை மணி நேரம் திறந்தே வைத்திருந்தேன். அதற்குள் அக்கா இருபத்தேழு வீடுகளுக்கு ஆள் அனுப்பிவிட்டார். கடைசியில் ஒரு வரி எழுதி நீட்டினேன்: “தங்களை இங்கே அனுப்பி வைத்தேன்.”

அக்கா படித்தார். இரண்டு தடவை படித்தார், அன்று சான்றிதழைப் படித்த மாதிரியே.

“உண்மைதான் சார்” என்றார், மிகவும் வருத்தத்தோடு. “ஆனா அதையும் நீங்க வேணும்னு செய்யலையே.”

நான் ஷூவை மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்தேன். எங்கள் வாசலில் கணக்குத் தலைவர் வெறுங்காலோடு காத்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு அவருக்கு மூன்றாவது தெருவில் நேர்முகத் தேர்வாம். முதலாளி அவரிடமும் ஏதோ கேட்டிருக்கிறார் போலிருக்கிறது.

மனிதனின் மதிப்பைக் கண்டுபிடித்த பெருமை எங்கள் நிறுவனத்தைச் சேரும் என்று தொடக்கத்தில் சொன்னேன். அதை நான் வாபஸ் வாங்கவில்லை. என் திட்டம் பிசகே இல்லாத திட்டம். அதை உண்மையாக நடத்த ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

“சீக்கிரம் கழட்டுங்க சார், நேரமாச்சு” என்று பறந்தார் கணக்குத் தலைவர். ஒரு ஷூவுக்குள் காலை விட்டுக்கொண்டே கேட்டார்: “போன காரியம் என்ன ஆச்சு? எவ்வளவு மதிப்புப் போட்டாங்க?”

“சரியாப் போட்டுட்டாங்க” என்றேன்.